இரண்டு பிள்ளைகள், ஒரு சைக்கிள், 1000 வாட் மோட்டார்: இது போதுமா?

9 ஜூன் 2024, கேள்வி

என்னிடம் 28 அங்குலச் சக்கரங்கள் கொண்ட உறுதியான பழைய சைக்கிள் ஒன்று இருக்கிறது. பின் சக்கரத்தின் நடுவில், அச்சைச் சுற்றி உட்காரும் 1000 வாட் ஹப் மோட்டாரைப் பொருத்தி, கேரியரைப் பின்னால் நீட்டி, இரண்டு பிள்ளைகளையும் தினமும் பள்ளிக்கு அழைத்துச் செல்ல எண்ணியிருக்கிறேன். மூத்த பிள்ளை 20 கிலோ, இளைய பிள்ளை 14 கிலோ. ஒரு வழிக்கு 9 கிலோமீட்டர். நடுவே ஓர் ஏற்றம் உண்டு. மோட்டாருக்கு வலு இருந்தால் மற்றவை தாமாகச் சரியாகிவிடும் என்பது என் கணிப்பு. சரிதானே?

9 ஜூன் 2024, இரவு

சரியில்லை. நான் கட்டிய முதல் வண்டி ஏறக்குறைய நீங்கள் சொல்லும் அதே வண்டிதான். நான்கு மாதங்களில் அதைக் கழற்றிவிட்டு இரண்டாவதைக் கட்டினேன். மோட்டார் அந்த நான்கு மாதமும் ஒரு குறையும் வைக்கவில்லை. மற்ற எல்லாமே குறை வைத்தன.

முதலில் எடையைக் கூட்டிப் பாருங்கள். ஓட்டுபவர் 75 கிலோ, பிள்ளைகள் 34, இருக்கைகளும் பிடிகளும் 8, பைகள் 8, மோட்டாரும் பேட்டரியும் ஏறிய சைக்கிள் 40 என்று வைத்தால் மொத்தம் 165 கிலோ. சாதாரணக் கேரியரில் அச்சிட்டிருக்கும் அளவு பெரும்பாலும் 25 அல்லது 27 கிலோதான். அந்த எண் அசையாத மூட்டைக்கானது. பிள்ளைகள் அசைவார்கள், திரும்புவார்கள், பின்னால் போகும் நாயைப் பார்க்க எட்டிக் குனிவார்கள்.

கேரியரை நீட்டுவதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. சாதாரண சைக்கிளில் இரு சக்கர அச்சுகளுக்கும் இடையே சுமார் 105 சென்டிமீட்டர் இருக்கும். பின் அச்சுக்கு 40 சென்டிமீட்டர் பின்னால், இருக்கையோடு சேர்த்து 24 கிலோவுள்ள பிள்ளையை உட்காரவைத்தால், முன் சக்கரத்தின் மேலுள்ள பாரம் 9 கிலோ குறைந்துவிடும். ஏற்றத்தில் இன்னும் குறையும். முன் சக்கரம் தரையை லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கும்போது ஹேண்டில்பாரைத் திருப்பினால் வண்டி நாம் நினைத்த பக்கம் வருவதில்லை. நீட்ட வேண்டியது கேரியரையல்ல, பின் சக்கரத்தையே பின்னால் தள்ளி ஃபிரேமை நீட்ட வேண்டும். நீள்வால் சரக்கு சைக்கிள் என்பதன் பொருளே அதுதான்.

10 ஜூன் 2024

ஏற்றத்தைப் பற்றி நேற்று எழுதாமல் விட்டது தவறு. உங்கள் கேள்வியில் மோட்டாரைப் பற்றிய பகுதி அதுதான்.

நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் உயரும் சாலை என்று வைத்துக்கொள்வோம். 165 கிலோவை அதில் ஏற்றச் சரிவுக்கு மட்டும் சுமார் 130 நியூட்டன் விசை வேண்டும். டயர் உருளும் தடைக்கு இன்னொரு 16. மணிக்கு 12 கிலோமீட்டரில் ஏற வேண்டுமானால் சக்கரத்தில் ஏறக்குறைய 490 வாட் வந்து சேர வேண்டும். 8 கிலோமீட்டரில் ஏறச் சம்மதித்தால் 325 வாட் போதும். அதில் 100 வாட்டை ஒரு சாதாரண மனிதர் பெடலில் தொடர்ந்து கொடுத்துவிடுவார். ஆகவே 250 வாட் என்று முத்திரையிட்ட நல்ல மோட்டாரே, பொறுமையாக ஏறினால், இந்தக் குடும்பத்தை மேலே கொண்டுபோய்ச் சேர்க்கும்.

அப்படியானால் 1000 வாட் ஹப் மோட்டார் இன்னும் சுலபமாக ஏற்றும் என்று தோன்றும். இங்கேதான் சக்கரத்தின் அளவு குறுக்கே வருகிறது. ஹப் மோட்டார் தன் வேகத்துக்குக் கீழே மெதுவாகச் சுழலும்போது உள்ளே போகும் மின்சாரத்தில் பெரும்பங்கு வெப்பமாகிவிடும். 28 அங்குலச் சக்கரத்தில் ஏற்றத்தில் மணிக்கு 8 கிலோமீட்டர் என்பது அதற்கு ஏறக்குறைய முடங்கிய நிலை. அதே மோட்டாரை 20 அங்குலச் சக்கரத்தில் கட்டினால், 60 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, தரையில் 170 நியூட்டனுக்குப் பதிலாக 240 நியூட்டனாக இறங்கும், சுழலும் வேகமும் கூடும், சூடும் குறையும். சரக்கு சைக்கிள்களில் சின்னச் சக்கரங்கள் வைப்பதற்கு இது ஒரு காரணம். பிள்ளைகள் தாழ்வாக உட்காரலாம் என்பது இன்னொரு காரணம். என் கணக்கில் அதுவே பெரிய காரணம்.

10 ஜூன் 2024, மாலை

சட்டத்தை மறந்துவிட்டேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் 250 வாட் தொடர்திறனும், மணிக்கு 25 கிலோமீட்டரில் மோட்டாரின் உதவி நின்றுவிடுவதும்தான் சைக்கிள் என்ற தகுதியின் எல்லை. அமெரிக்காவின் பல மாநிலங்களில் 750 வாட் வரை. எல்லையைத் தாண்டினால் அது பதிவும் காப்பீடும் வேண்டிய மோட்டார் வாகனமாகிவிடும். பிள்ளைகள் ஏறும் வண்டியில் காப்பீடு செல்லாது என்று பின்னால் தெரியவருவதைப் போன்ற கொடுமை வேறில்லை. மோட்டாரை வாங்குமுன் உங்கள் ஊர் விதியைப் படித்துவிடுங்கள்.

14 ஜூன் 2024

எல்லோரும் வேகத்தைப் பற்றியே கேட்கிறீர்கள். நான் வண்டி நிற்பதைப் பற்றி எழுத வேண்டும். எங்கள் வீட்டில் நடந்த ஒரே விழுகை வேகம் பூஜ்யமாக இருந்தபோதுதான் நடந்தது.

முதல் வண்டியில் ஒற்றைக் கால் ஸ்டாண்டு. முந்தின இரவு மழை பெய்திருந்தது. இளையவனை முன் இருக்கையில் உட்காரவைத்து பெல்ட் மாட்டிவிட்டேன். மூத்தவள் பின்னால் ஏறுவதற்காகக் கால் வைக்கும் கம்பியில் ஒரு காலை ஊன்றி உடம்பைத் தூக்கினாள். ஸ்டாண்டின் நுனி ஈர மண்ணுக்குள் இறங்குவதை நான் கண்ணால் பார்த்தேன். ஒரு விரற்கடை, பிறகு இன்னொன்று. ஹேண்டில்பாரைப் பிடித்தேன். ஹேண்டில்பார் திரும்பும் பொருள் என்பதால், பிடித்த வேகத்தில் முன் சக்கரம் மடங்கிக்கொண்டது. வண்டி என் பக்கமாகவே சாய்ந்தது. தொடையால் தாங்கினேன். மெதுவாக, மிக மெதுவாகத் தரைக்கு வந்தது. இளையவன் பெல்ட்டில் தொங்கியபடி அழவில்லை. என் முகத்தைப் பார்த்த பிறகுதான் அழுதான். யாருக்கும் காயமில்லை. ஆனால் அன்றைய இரவில்தான் அந்த வண்டியைக் கழற்றுவது என்று முடிவெடுத்தேன்.

இரண்டாவது வண்டியில் முதலில் வரைந்த பாகம் ஸ்டாண்டு. இரட்டைக் கால், தரையில் 42 சென்டிமீட்டர் அகலம், ஒவ்வொரு நுனியிலும் உள்ளங்கை அளவு ரப்பர் பட்டை. ஸ்டாண்டை இறக்கினால் தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டும். வண்டியை முன்னால் தள்ளினால் மட்டுமே விடுபட வேண்டும். கூடவே ஹேண்டில்பார் திரும்பாமல் பிடித்துக்கொள்ளும் ஒரு ஸ்பிரிங். பிள்ளை ஏறும்போது நான் பிடிப்பது இப்போது ஹேண்டில்பாரை அல்ல, இருக்கைத் தண்டை.

16 ஜூன் 2024

கனமான பிள்ளையை முதலில் ஏற்றுவதா, லேசான பிள்ளையையா என்று கேட்டிருந்தார்கள். எடையைவிட யார் அசையாமல் உட்காருவார்கள் என்பதே எனக்கு அளவுகோல். பெல்ட் மாட்டியவர் முதலில், ஏறித் தாவுபவர் கடைசியில், இறங்கும்போது நேர்மாறு. உட்காரும் இடத்துக்கு மட்டும் எடை முக்கியம்: கனமானவர் ஓட்டுபவருக்கு அருகில்.

இதே மூச்சில் ஒரு திருத்தம். 9ஆம் தேதி எழுதியதில் 20 கிலோப் பிள்ளையை இருக்கையில் உட்காரவைத்துக் கணக்குப் போட்டேன். பின்புறச் சிறுவர் இருக்கைகளுக்கான ஐரோப்பியத் தரம் 22 கிலோவோடு முடிந்துவிடுகிறது. உங்கள் மூத்த பிள்ளைக்கு இன்னும் ஆறு மாதமோ ஒரு வருடமோதான். அதற்கு இருக்கை வாங்காதீர்கள். மெத்தை வைத்த பலகை, இருபுறமும் கால் வைக்கும் தட்டு, இடுப்பைச் சுற்றி வளையும் கைப்பிடிக் கம்பி ஆகியவற்றைச் செய்துகொள்ளுங்கள். அது பிள்ளையோடு வளரும்.

17 ஜூன் 2024

கால் தட்டு என்றதும் நினைவுக்கு வந்தது: பின் சக்கரத்தின் இரு பக்கங்களையும் முழுமையாக மூடுங்கள். தொங்கும் குதிகால் ஆரக்கம்பிகளுக்குள் போவது சைக்கிளில் பின்னால் உட்காரும் பிள்ளைகளுக்கு நேரும் மிகப் பழைய விபத்து. மோட்டார் சுற்றும் சக்கரம் என்றால் காலை உணர்ந்து நிற்காது. வலை போதாது, விரல் நுழையாத தகடு வேண்டும்.

22 ஜூன் 2024

முன்னால் பெட்டி வைத்த வண்டி நல்லதா, நீள்வால் நல்லதா என்ற கேள்விக்கு நான் முன்பெல்லாம் ஒரே பதில் வைத்திருந்தேன். இப்போது அவ்வளவு உறுதியில்லை.

முன்பெட்டி வண்டி பழையது. லாங் ஜான் எனப்படும், ஓட்டுபவருக்கும் முன் சக்கரத்துக்கும் நடுவே தாழ்வான தளம் கொண்ட சைக்கிள், 1920களில் டென்மார்க்கில் சரக்கு சுமக்க வந்தது. கோபன்ஹேகனின் கிறிஸ்டியானியா பகுதியில் 1984இல் செய்த மூன்று சக்கர வண்டி அதைக் குடும்பங்களின் பக்கம் திருப்பியது. நீள்வால் அவற்றுக்கு மிக இளையது. சாதாரண சைக்கிளின் பின்பகுதியில் மாட்டி நீட்டிக்கொள்ளும் சட்டத்தை, 1998இல் தொடங்கிய எக்ஸ்ட்ராசைக்கிள் என்ற அமெரிக்க நிறுவனம் விற்றது. நீங்கள் பழைய சைக்கிளை விட மனமில்லாதவர் என்றால் அந்த வகைச் சட்டம் உங்களுக்கானது.

முன்பெட்டியில் பிள்ளைகள் கண் முன்னே இருப்பார்கள். அது மனத்துக்கு எவ்வளவு நிம்மதி என்பதை ஒரு வாரம் ஓட்டியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எடை தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் உட்காருகிறது. பெல்ட் மாட்டக் குனிந்தால் போதும். ஆனால் முன் சக்கரம் ஹேண்டில்பாருக்கு வெகு தூரத்தில் இருப்பதால் இரண்டையும் இணைக்க ஒரு நீண்ட தண்டும் அதன் இரு முனைகளில் உருண்டை மூட்டுகளும் தேவை. அந்த மூட்டில் அரை மில்லிமீட்டர் தளர்ச்சி வந்தாலும், இறக்கத்தில் ஹேண்டில்பார் நடுங்கத் தொடங்கும். வீட்டில் கட்டுபவர்களுக்கு நான் முன்பெட்டியைப் பரிந்துரைக்கத் தயங்குவது இதனால்தான். கடையில் விற்கும் தரமான முன்பெட்டி வண்டி வேறு விஷயம்.

மூன்று சக்கரம் கவிழாது என்று எழுதியவருக்கு: நிற்கும்போது கவிழாது, உண்மை. இரண்டு சக்கர வண்டி வளைவில் உள்பக்கம் சாய்ந்து தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். சாயாத மூன்று சக்கர வண்டி வெளிப்பக்கம் தூக்கும். வளைவில் வேகத்தை இரட்டித்தால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். மூன்று சக்கர வண்டி மெதுவாகப் போகத் தெரிந்தவருக்கு மிக நல்ல வண்டி.

1 ஜூலை 2024

பிரேக். எட்டு சதவீத இறக்கத்தில் 165 கிலோவை மணிக்கு 25 கிலோமீட்டரில் கட்டுப்படுத்தி இறக்கினால், காற்றும் டயரும் தின்றது போக ஏறக்குறைய 600 வாட் வெப்பம் பிரேக் தட்டுகளில் இறங்கிக்கொண்டே இருக்கும். தண்ணீர் கொதிக்கவைக்கும் சின்ன மின்கெட்டிலின் வெப்பம் அது. ரிம்மைக் கவ்வும் பழைய ரப்பர் பிரேக்கில் இந்த வெப்பம் ரிம்முக்கும், ரிம்மிலிருந்து டியூபுக்கும் போகும்.

எங்கள் இரண்டாவது வண்டியில் முன்னும் பின்னும் 203 மில்லிமீட்டர் டிஸ்க் பிரேக் தட்டு; ஒவ்வொன்றையும் கவ்வ, எண்ணெய் அழுத்தத்தில் (ஹைட்ராலிக்) இயங்கும் நான்கு பிஸ்டன்கள். இறக்கத்தில் ஒரே பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டே வராமல், அழுத்தி வேகத்தைக் குறைத்து, விட்டு, மீண்டும் அழுத்துகிறேன்; தட்டு மூச்சுவிட நேரம் கிடைக்கிறது. பிரேக் நெம்புகோலைத் தொட்டவுடன் மோட்டாரின் மின்சாரம் அறும்படி ஒரு சுவிட்ச் இருக்கட்டும். அது இல்லாவிட்டால் மோட்டார் உதவி அணைவதற்குள் அரை நொடி முன்னால் தள்ளும்; நெரிசலில் அந்த அரை நொடி மூன்று மீட்டர்.

20 ஜூலை 2024

இன்று காலை "டிங்" என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் பின் சக்கரத்தில் ஓர் ஆரக்கம்பி, அதை ரிம்மில் பிடித்திருக்கும் நிப்பிள் என்ற சிறு நட்டின் வாயில் முறிந்திருந்தது. மோட்டார் ஹப்பின் விட்டம் பெரிது, 20 அங்குல ரிம் சிறியது. ஆகவே ஆரக்கம்பி ரிம்முக்குள் கோணலாக நுழைகிறது. கோணலான இடத்தில் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை வளைந்து நிமிர்ந்து கம்பி களைத்துப்போகும்.

நான் பலருக்குப் பரிந்துரைத்த 12 கேஜ் தடித்த கம்பியே (கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலியும்) இதற்குக் காரணம் என்று இப்போது நினைக்கிறேன். தடித்த கம்பி வலுவானது என்பது பாதி உண்மைதான். அது நீள மறுப்பதால் சரியான இழுவை ஏறுமுன்பே ரிம் திணறிவிடும். இழுவை குறைந்த கம்பிதான் விரைவில் முறியும். 13 அல்லது 14 கேஜில், குறுக்கே பின்னாமலோ ஒருமுறை மட்டுமே பின்னியோ கட்டினால் கோணம் நேராகும். என் பேச்சைக் கேட்டு 12 கேஜ் வாங்கியவர்கள் மன்னிக்க வேண்டும். மாதம் ஒருமுறை கம்பிகளை இரண்டிரண்டாக விரலால் அமுக்கிப் பாருங்கள், தொளதொளவென்று இருப்பது தெரிந்துவிடும். பெண்டு எடுக்கும்போதே இழுவையையும் சமன் செய்யச் சொல்லுங்கள்.

21 ஜூலை 2024

இன்னொன்று. ஹப் மோட்டாரின் அச்சு, ஃபிரேமின் பிளவில் இரண்டு தட்டையான பக்கங்களால் மட்டுமே பிடிபட்டிருக்கிறது. நட்டு தளர்ந்தால் சக்கரம் நிற்க, அச்சு சுழலும். வயர்களை முறுக்கி அறுக்கும். அலுமினியப் பிளவு என்றால் வாயைப் பிளந்துகொண்டு வெளியே வரும். முறுக்குத்தாங்கி எனப்படும் எஃகுத் தகட்டை இரு பக்கமும் போடாமல் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். முன் ஃபோர்க்கில் வலுவான மோட்டார் வேண்டவே வேண்டாம்.

8 செப்டம்பர் 2024

ஃபிரேமை நீட்டி வெல்டிங் செய்வது பற்றி. அலுமினிய ஃபிரேமில் கை வைக்காதீர்கள். 6061 போன்ற அலுமினியக் கலவைகள் வெல்டிங் சூட்டில் இளகி, சுற்றியுள்ள பகுதியில் வலுவில் பெரும்பங்கை இழக்கும். மீண்டும் உலையில் வைத்துப் பதப்படுத்தினால்தான் வலு திரும்பும். குரோமோலி எஃகுக்கு அந்தத் தொல்லை குறைவு. எஃகு முறியுமுன் விரிசலைக் காட்டவும் செய்யும்.

தொழிற்சாலையில் செய்வதால் மட்டும் பயம் தீர்ந்துவிடாது. 2024 பிப்ரவரியில் நெதர்லாந்தின் உணவு, நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம், பாபோ நிறுவனத்தின் சரக்கு சைக்கிள்களை விற்கக்கூடாது என்று உத்தரவிட்டது; ஃபிரேம்கள் முறிந்ததாக வந்த புகார்கள்தான் பின்னணி. குடும்பங்களுக்கென்றே விற்ற வண்டிகள் அவை.

நான் செய்வது இது: ஞாயிறுதோறும் ஈரத்துணியால் வெல்டிங் இணைப்புகளைத் துடைத்து, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து, நகத்தை ஓட்டுகிறேன். பெயின்டில் மயிரிழைக் கோடு, அதன் ஓரத்தில் பழுப்பாக ஒரு கசிவு தெரிந்தால் அன்றே வண்டி நிற்கும். போன மாதம் ஸ்டாண்டைப் பிடிக்கும் தகட்டில் அப்படி ஒரு கோடு கிடைத்தது. பிள்ளைகள் ஏறும்போது வரும் பாரம் முழுவதும் அந்தத் தகட்டில்தான் விழுகிறது. அதை மெல்லியதாக விட்டது என் பிழை. இப்போது முக்கோணத் தகடு வைத்துப் பலப்படுத்தியிருக்கிறேன். ஜூன் 14ஆம் தேதி எழுதிய ஸ்டாண்டைப் பார்த்துச் செய்தவர்கள் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

19 அக்டோபர் 2024

பேட்டரி. 165 கிலோ வண்டிக்கு ஏற்ற இறக்கங்களோடு கிலோமீட்டருக்கு 20 வாட்-மணி என்று எடுங்கள். போய்வர 18 கிலோமீட்டருக்கு 360. ஆகவே 48 வோல்ட், 15 ஆம்பியர்-மணி, அதாவது 720 வாட்-மணிப் பேட்டரி உங்களுக்குத் தாராளம். பாதிக்கு மேல் இறக்க வேண்டியதில்லை, அதனால் ஆயுளும் நீளும். பிள்ளைகள் வளர்வார்கள் என்பதால் மிச்சம் வைப்பது நல்லது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். 13 செல் வரிசை கொண்ட சாதாரண லித்தியம் பேட்டரி 54.6 வோல்ட்டில் நிரம்புகிறது. 16 செல் கொண்ட இரும்பு பாஸ்பேட் பேட்டரி 58.4இல் நிரம்புகிறது. இரண்டையும் கடைகளில் 48 வோல்ட் என்றே விற்கிறார்கள். சார்ஜரின் பிளக்கும் சில சமயம் ஒன்றாகவே இருக்கும். மாற்றி மாட்டினால் மேலேறும் மின்சாரத்தைத் தடுக்க பேட்டரிக்கு உள்ளேயுள்ள ஒரே ஒரு பாதுகாப்பு மின்சுற்றுப் பலகைதான் உண்டு. சார்ஜரில் பெரிய எழுத்தில் வோல்ட்டை எழுதி ஒட்டுங்கள். பிள்ளைகள் உட்காரும் பெட்டிக்கு அடியில் பேட்டரி வைக்காதீர்கள். எல்லோரும் தூங்கும்போதும், வெளியேறும் வழியிலும் சார்ஜ் போடாதீர்கள்.

12 ஜனவரி 2025

கேள்வி கேட்டவர், எஃகில் நீட்டிய ஃபிரேமும் 20 அங்குலப் பின்சக்கரமும் கொண்ட வண்டியைக் கட்டி முடித்து, மணல் மூட்டைகளோடு ஓட்டிப் பார்த்ததாக எழுதியிருக்கிறார். மணிக்கு 25 கிலோமீட்டரிலிருந்து ஆறு மீட்டரில் நின்றதாம். மிக நல்ல எண் அது.

இரண்டு வேண்டுகோள்கள். மணல் மூட்டை அசையாது. மூத்த பிள்ளையின் இடத்தில் பாதி நிரப்பிய தண்ணீர்க் கேன்களைக் கட்டி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். தண்ணீர் அலையடிக்கும்போது வண்டி வால் ஆட்டுவதை நானும் அப்படித்தான் முதலில் உணர்ந்தேன். அடுத்தது, அதே ஆறு மீட்டரை நனைந்த சாலையில் அளந்து பாருங்கள். இரண்டும் முடிந்த பிறகு பிள்ளைகளை ஏற்றுங்கள்.

13 ஜனவரி 2025

திராட்டில், அதாவது மிதிக்காமலே மோட்டாரை முடுக்கும் கைப்பிடி, வேண்டுமா என்று அவர் கேட்டதை விட்டுவிட்டேன். பெடலின் சுழற்சியை மட்டும் உணரும் சென்சார் என்றால், பெடல் கால்வாசிச் சுற்றுச் சுற்றிய பிறகே மோட்டார் விழிக்கும். ஏற்றத்தில் நின்று புறப்படும்போது அந்தக் கால்வாசிச் சுற்றில் வண்டி தள்ளாடும். அங்கே கட்டைவிரல் திராட்டில் உதவும், விதி அனுமதித்தால். மிதிக்கும் அழுத்தத்தை உணரும் சென்சார் இருந்தால் தேவையில்லை. என் வண்டியில் திராட்டில் இருக்கிறது. புறப்பட்ட பிறகு விரலை எடுத்துவிடுகிறேன்.